அடைப்புக்குறிக்குள் ஒரு நிறுத்தம்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். கணினி ஐந்து என்கிறது. யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறிகள். 'ழ்' என்பது ழகரமும் அதன் தலைமேல் வைக்கும் புள்ளியும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று மொத்தம் ஐந்து. தமிழ் எழுத்தைத் தமிழர் எண்ணுவது போல எண்ண வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு ஃபங்ஷன் எழுதத்தான் வேண்டும்.

அதை லிஸ்ப் மொழியில் எழுதுவோம். வழிமுறை எளிது. சொல்லில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்தது தனித்து நிற்காத துணைக்குறி என்றால் விட்டுவிட வேண்டும். வேறு எதுவானாலும் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழின் துணைக்குறிகள் 3006 என்ற எண்ணில் ஆகாரக் காலோடு தொடங்கி, 3021 என்ற எண்ணில் புள்ளியோடு முடிகின்றன. ஔகாரத்துக்கான நீட்டல் குறி ஒன்று மட்டும் 3031-இல் தள்ளி நிற்கிறது. தனித்து அரிதாகவே வரும் அதை இங்கே ஒதுக்கிவிடலாம். ஆகவே நம் ஃபங்ஷனின் நடுவில் இப்படி ஒரு கோவை வருகிறது:

(< 3005 குறி 3021)

லிஸ்பில் செய்ய வேண்டிய செயல் முதலில் வரும், செயலுக்கு உட்படும் மதிப்புகள் பின்னால் வரும். 'குறி' என்ற மாறியின் மதிப்பு 3005-ஐவிடப் பெரிதாகவும் 3021-ஐவிடச் சிறிதாகவும் இருந்தால் இந்தக் கோவையின் விடை 'ஆம்'. இல்லாவிட்டால் 'இல்லை'. 'இல்லை' என்று வரும்போதெல்லாம் (1+ எண்) என்ற கோவை எண்ணிக்கையை ஒன்று உயர்த்துகிறது.

எழுதியாயிற்று, சோதிக்கிறோம். 'மாலை' என்று கொடுத்தால் இரண்டு. 'நிலா' என்றால் இரண்டு. 'காடு' என்றாலும் இரண்டு. எல்லாம் சரி. அடுத்து (எழுத்து-எண்ணு "தமிழ்") என்று கொடுக்கிறோம். விடை நான்கு. 'கடல்' என்று கொடுத்தாலும் நான்கு.

கூர்ந்து படிப்பவர்கள் பிழையை இதற்குள் பிடித்திருப்பீர்கள். ஆனால் இதே கோவை இருநூறு வரி நிரலுக்குள், வேறு பல ஃபங்ஷன்களுக்கு நடுவில் கிடந்தால் எளிதில் கண்ணில் படாது. அப்படி ஒளிந்திருப்பதைத் தேட நிரலாளர்களிடம் பல வழிகள் உண்டு. அவற்றில் முதன்மையானது, ஓடும் நிரலை நாம் சொன்ன இடத்தில் நிற்கவைத்து உள்ளே எட்டிப் பார்ப்பது. நிற்கவைக்கும் அந்த இடத்தை பிரேக்பாயிண்ட் என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அதை நிறுத்தப்புள்ளி என்று சொல்வோம். மற்ற மொழிகளில் வைப்பதைவிட மிக நுட்பமான இடத்தில் அதை லிஸ்பில் வைக்க முடிகிறது. அந்த நுட்பம் அந்த மொழியின் பிறப்பிலேயே இருக்கிறது.

கம்பியிலிருந்து பைட் வரை

நிறுத்தப்புள்ளிக்கு ஏறத்தாழ மின்னணுக் கணினியின் வயதே ஆகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் கணினியில், தொடக்கத்தில் நிரல் எழுதுவது என்றால் ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குக் கம்பிகளைச் செருகுவதுதான். ஒரு வேலை முடிந்ததும் எழும் மின்துடிப்பு, கம்பி வழியே போய் அடுத்த வேலையைத் தொடங்கிவைக்கும். அந்தக் கணினியின் நிரலாளர்களாக இருந்த ஆறு பெண்களில் ஒருவர் பெட்டி ஸ்னைடர். திருமணத்துக்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன் என்று அறியப்பட்டவர். கணக்கு நடுவழியில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால், அந்த இடத்துக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் போதும். துடிப்பு அடுத்த அலகைச் சேராது. இயந்திரம் நின்றுவிடும். அலகுகளின் முகப்பில் எரியும் சிறு விளக்குகளைப் பார்த்து எண்களைப் படித்துக்கொள்ளலாம். நிறுத்தப்புள்ளி என்ற உத்தி ஹோல்பர்ட்டனின் பெயரோடுதான் வரலாற்றில் நிற்கிறது.

1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம்முடைய நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பதை அந்த ஆண்டில் உணர்ந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே ஓர் ஆளுக்காக அவ்வளவு பெரிய இயந்திரமும் காத்துக்கிடக்க வேண்டும். எனவே அங்கே பணியாற்றிய ஸ்டான்லி கில் வேறு வழி கண்டார். பிழையுள்ள நிரலை நேரடியாக ஓடவிடாமல், இன்னொரு நிரலின் கண்காணிப்பில் ஒவ்வொரு கட்டளையாக நிறைவேற்றி, எது எது நிறைவேறியது என்று அச்சிடச் செய்தார். 1951-இல் ராயல் சொசைட்டியின் இதழில் அந்த முறை கட்டுரையாக வந்தது. ஒரு நிரலைக் கண்காணிக்க இன்னொரு நிரலை எழுதலாம் என்ற எண்ணம் அப்போதே வேர்விட்டுவிட்டது.

இன்று நம் மேசைக் கணினிகளில் நடப்பது இதுதான். 1978-இல் வந்த இன்டெல் 8086 சிப்பிலும் அதன் வழிவந்தவற்றிலும் 204 என்ற மதிப்புடைய ஒற்றை பைட் ஒன்று, 'இங்கே நின்று கண்காணிப்பவரைக் கூப்பிடு' என்று பொருள்படும் கட்டளை. சி போன்ற மொழியில் எழுதிய நிரலில் நாம் நிறுத்தப்புள்ளி வைக்கும்போது, டீபக்கர் என்ற பிழைதேடும் கருவி அந்த இடத்தில் இருக்கும் இயந்திரக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு அங்கே 204-ஐ எழுதிவிடுகிறது. சிப் அதைத் தொட்டதும் நிற்கிறது. நாம் பார்த்து முடித்ததும் பழைய பைட் திரும்ப அதன் இடத்துக்குப் போகிறது. இயந்திரக் கட்டளைக்கும் நாம் எழுதிய மூல வரிக்கும் உள்ள தொடர்பைக் கம்பைலர் ஓர் அட்டவணையில் எழுதிவைத்திருக்கும். பெரும்பாலும் அந்த அட்டவணை பேசுவது வரி எண்ணில். எனவே நிறுத்தமும் வரிக்கு வரி.

ஒரே வரியில் நான்கு ஃபங்ஷன் அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால்? மூன்றாவது அழைப்பு தந்த விடை என்ன என்று அறிய, வரியைப் பிரித்து இடைநிலை மாறிகளை நுழைத்து எழுத வேண்டியிருக்கும். பிழையைத் தேடுவதற்காகவே நிரலின் உருவத்தை மாற்ற வேண்டிவருகிறது.

வரியா, கோவையா

லிஸ்ப் மொழியை ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் 1958-இல் வடிவமைக்கத் தொடங்கினார். அதன் அடிப்படையை விளக்கும் கட்டுரை 1960-இல் வந்தது. அதில் ஒரு விந்தை இருந்தது. எந்த லிஸ்ப் கோவையையும் எடுத்து மதிப்பிட்டு விடை சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை மெக்கார்த்தி லிஸ்பிலேயே எழுதிக் காட்டியிருந்தார். தாளில் கோட்பாடாக இருந்த அதை, அவரோடு பணியாற்றிய ஸ்டீவ் ரஸல் ஐ.பி.எம். 704 கணினியில் இயந்திர மொழியில் எழுதி ஓடவைத்துவிட்டார். லிஸ்ப் ஓடும் மொழியானது அப்படித்தான்.

லிஸ்ப் நிரலை லிஸ்பே படிக்க முடிவதற்குக் காரணம், நிரல் எழுதப்படும் வடிவமும் தரவு எழுதப்படும் வடிவமும் ஒன்றாக இருப்பது. இரண்டும் பட்டியல்.

(+ 7 (* 4 5))

இது 27 என்ற விடை தரும் நிரல். அதே நேரம் இது மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியலும்கூட: கூட்டல் குறி, 7, இன்னொரு பட்டியல். உள்ளே இருக்கும் பட்டியலுக்குத் தனியாக ஒரு விடை உண்டு, 20. திறக்கும் ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒரு கணக்கின் தொடக்கம். மூடும் ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒரு விடை பிறக்கும் இடம். லிஸ்பைப் புதிதாகப் பார்ப்பவர்களை மிரளவைக்கும் அந்த அடைப்புக்குறிகளே பிழை தேடுபவனுக்குத் துணை. எங்கே நிற்கலாம் என்பதை அவை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கின்றன.

இதை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் வாரன் டைட்டல்மன். பிழை தேடுபவருக்குக் கணினி உடனிருந்து உதவ வேண்டும் என்பது 1966-இல் எம்.ஐ.டி.யில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் மையம். அந்தச் சிந்தனை பின்னர் இன்டர்லிஸ்ப் என்ற அமைப்பில் வளர்ந்தது. அதில் ஒரு ஃபங்ஷனுக்குள் குறிப்பிட்ட கோவையைச் சுட்டிக்காட்டி, அதற்கு முன்போ பின்போ நிறுத்தத்தைச் செருக முடிந்தது. ஃபங்ஷன் ஒரு பட்டியல். பட்டியலின் நடுவில் ஓர் உறுப்பைச் செருகுவது லிஸ்புக்கு அன்றாட வேலை. இயந்திரத்தின் நினைவகத்தில் கைவைக்கத் தேவையே இல்லை.

எடிட்டரே ஆய்வுக்கூடம்

லிஸ்பில் நிறுத்தப்புள்ளி வைத்துப் பழக இன்று யாருக்கும் எளிதில் கிடைக்கும் இடம் ஈமாக்ஸ் எடிட்டர். 1976-இல் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் வேறு ஒரு மொழியின் மேக்ரோக்களைக் கொண்டு அதன் முதல் வடிவத்தைக் கட்டினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் க்னூ ஈமாக்ஸ் 1985-இல் வெளியானது. அதன் அடித்தளம் சி மொழி. அதன்மேல் எழும்பிய கட்டடம் முழுவதும் லிஸ்ப். ஒரு சொல்லைத் தேடுவதும், பத்தியை ஒழுங்குபடுத்துவதும், கோப்புறையைக் காட்டுவதும் லிஸ்ப் ஃபங்ஷன்களே. அவற்றின் மூல நிரலை அந்த எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம், மாற்றலாம், நிறுத்தியும் பார்க்கலாம்.

இதற்காக 1980-களின் இறுதியில் டேனியல் லாலிபெர்ட்டே எழுதிய கருவி ஈடீபக். அது இன்றும் ஈமாக்ஸின் பகுதியாக வருகிறது. அதற்கு முன்பிருந்த எளிய டீபக்கர், பிழை நேர்ந்த நொடியில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அழைப்பு வரிசையைக் காட்டும். விழுந்த இடம் அதில் தெரியும். ஈடீபக் அதற்கு மேலே ஒரு படி போனது. நாம் எழுதிய மூல நிரலின் மீதே, கோவைக்குக் கோவை கர்சரை நகர்த்திக் காட்டியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பிழை தேடப்படுவது எடிட்டருக்குள். தேடும் கருவியும் அதே எடிட்டருக்குள். எடிட்டரை நிறுத்திவிட்டால் விசைப்பலகையை யார் கவனிப்பார்கள்? ஈமாக்ஸ் இதற்குத் தன்னுடைய கட்டளைச் சுழலையே இன்னொரு முறை உள்ளுக்குள் தொடங்குகிறது. வெளிச்சுழலில் ஓடிக்கொண்டிருந்த நிரல் நடுவழியில் நிற்க, உட்சுழல் நம் விசைகளை வாங்கிக்கொள்கிறது. நிரல் நின்ற நிலையிலேயே வேறு கோப்பைத் திறக்கலாம், உதவிப் பக்கத்தைப் படிக்கலாம், கடிதமே எழுதலாம். திரும்பி வந்து தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து நிரல் ஓடும். நாம் இடையில் கலைத்துப் போட்டவை நிரலைப் பாதிக்காமல் இருக்க, நிற்கும்போது நடப்பு பஃபர் (எடிட்டரில் திறந்திருக்கும் உரை), கடைசித் தேடலின் விவரம் போன்றவற்றை ஈடீபக் எடுத்துவைத்துக்கொண்டு, தொடரும்போது திரும்ப அமைத்துக் கொடுக்கிறது. பார்ப்பதால் பார்க்கப்படுவது மாறிவிடக் கூடாது என்ற அக்கறை அந்தக் கருவி முழுவதிலும் தெரிகிறது.

ஐந்து நிறுத்தங்கள்

நம் எழுத்தெண்ணும் ஃபங்ஷனுக்கு வருவோம். கர்சரை அதன் மீது வைத்து, கன்ட்ரோல்-யு அழுத்தி, பின் கன்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்த வேண்டும். மெட்டா என்பது இன்றைய விசைப்பலகையில் ஆல்ட். இப்போது ஃபங்ஷன் கண்காணிப்புக்கு ஆயத்தமாகிவிட்டது. (எழுத்து-எண்ணு "தமிழ்") என்று அழைத்ததும், ஃபங்ஷன் இருக்கும் பஃபர் திரையில் எழும். நிற்கும் வரியின் இடதுபுறம் ஓர் அம்புக்குறி தோன்றும். ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்தினால் அடுத்த நிற்குமிடத்துக்குப் போகலாம்.

நிற்குமிடங்கள் எவை? பட்டியலாக இருக்கும் ஒவ்வொரு கோவைக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொரு மாறிக்கும் பின்னால் ஒன்று. (< 3005 குறி 3021) என்பதில் திறக்கும் அடைப்புக்கு முன், 'குறி'க்குப் பின், மூடும் அடைப்புக்குப் பின் என்று மூன்று இடங்கள். 3005, 3021 என்ற மாறாத எண்களில் பார்க்க எதுவும் இல்லாததால் அங்கே நிற்குமிடம் இல்லை. ஒரு கோவைக்கு அல்லது மாறிக்குப் பின்னால் நிற்கும்போதெல்லாம் அது தந்த மதிப்பு திரையின் அடியில் தெரியும்.

ஒவ்வொரு இடத்திலும் நின்றுகொண்டே போனால் நேரம் போதாது. எனவே நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தப்புள்ளி வைப்போம். மூடும் அடைப்புக்குறியில் கர்சரை வைத்து 'பி' அழுத்த வேண்டும். பிறகு 'ஜி' அழுத்தினால் நிரல் தடையின்றி ஓடி, அந்த இடத்தை எட்டும்போது மட்டும் நிற்கும். சொல்லில் ஐந்து குறிகள், எனவே ஐந்து நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் 'ஈ' அழுத்தி, 'குறி' என்று கேட்டால் அப்போதைய மதிப்பு கிடைக்கும்.

முதல் நிறுத்தத்தில் குறி 2980, அதாவது த. விடை 'இல்லை'. லிஸ்பில் 'இல்லை' என்பது வெற்றுப் பட்டியல். துணைக்குறி இல்லை என்பதால் எண்ணிக்கை ஒன்று ஆகிறது. சரி. இரண்டாவதில் 2990, ம. விடை 'இல்லை', எண்ணிக்கை இரண்டு. சரி. மூன்றாவதில் 3007, இகரக் குறி. விடை 'ஆம்', எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. சரி. நான்காவதில் 2996, ழ. விடை 'இல்லை', எண்ணிக்கை மூன்று. சரி. ஐந்தாவதில் 3021, புள்ளி. விடை 'ஆம்' என்று வந்திருக்க வேண்டும். வந்ததோ 'இல்லை'.

பிழை இருக்கும் இடம் இப்போது ஒரு வரிகூட இல்லை, ஒரு கோவை. அந்தக் கோவையில் தவறு செய்யக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. 3021-ஐவிடச் சிறிதா என்று கேட்கிறோம். 3021-ஏ வந்து நிற்கும்போது அது சிறிதல்ல. எல்லை 3022 என்று இருந்திருக்க வேண்டும். 'மாலை', 'நிலா', 'காடு' மூன்றிலும் மெய்யெழுத்து இல்லாததால் அவை இந்தப் பிழையைத் தொடவே இல்லை. சோதனைக்குத் தேர்ந்த சொற்களில் இருந்த குறையையும் சேர்த்தே நிறுத்தப்புள்ளி காட்டிக்கொடுத்துவிட்டது.

நிபந்தனையோடு நிற்பது

ஐந்து குறிகள் என்பதால் ஐந்து முறை நின்று பார்க்க முடிந்தது. ஓர் அகராதியின் சொற்பட்டியல் முழுவதையும் இந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்திருந்தால் நிறுத்தங்கள் லட்சக்கணக்கில் போகும். அங்கேதான் நிபந்தனை நிறுத்தப்புள்ளி வருகிறது. 'பி'க்குப் பதில் 'எக்ஸ்' அழுத்தினால் ஈடீபக் ஒரு லிஸ்ப் கோவையைக் கேட்கும். நாம்

(= குறி 3021)

என்று கொடுத்தால், அந்த இடத்தை எட்டும் ஒவ்வொரு முறையும் இந்தக் கோவையை மதிப்பிட்டு, 'ஆம்' என்றால் மட்டும் நிற்கும். நிபந்தனையாக எந்த லிஸ்ப் கோவையையும் கொடுக்கலாம். அதை மதிப்பிடும்போதே பிழை நேர்ந்தால் 'இல்லை' என்று கொண்டு நிரல் ஓட்டம் தொடரும்.

இன்னும் வலுவான கருவி ஒன்று உண்டு. சில பிழைகளில் எது தவறாகிறது என்று தெரியும், எங்கே தவறாகிறது என்று தெரியாது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எண்ணிக்கை மூன்றைத் தாண்டக் கூடாது என்று நமக்குத் தெரியும். அதையே பொதுவான நிறுத்த நிபந்தனையாக, (< 3 எண்) என்று கொடுக்கலாம். இதற்குப் பெரிய எழுத்து 'எக்ஸ்'. ஒரு குறிப்பிட்ட இடம் என்று இல்லாமல், கண்காணிப்பில் உள்ள ஒவ்வொரு நிற்குமிடத்திலும் ஈடீபக் அந்த நிபந்தனையைச் சரிபார்க்கும். எண்ணிக்கை நான்காகும் அந்த நொடியிலேயே நிரல் நிற்கும். நிரலின் ஓட்டம் மிகவும் மந்தமாகும் என்பது உண்மை. ஆனாலும் ஆயிரம் இடங்களில் தேட வேண்டியதைக் கணினியே தேடிக் கொடுத்துவிடுகிறது.

ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபங்ஷனைத் திருத்தி மறுபடி மதிப்பிட்டால் அதில் வைத்திருந்த நிறுத்தப்புள்ளிகள் எல்லாம் மறைந்துவிடும். அவை பழைய பட்டியலுக்கு உரியவை. புதிய பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. திருத்தித் திருத்தித் தேடும்போதும் நிறுத்தம் நிலைத்திருக்க வேண்டுமென்றால், ஈடீபக்கை அழைக்கும் ஒரு கோவையை மூல நிரலிலேயே, வேண்டிய நிபந்தனைக்குள் எழுதிவைக்கலாம். தேடல் முடிந்ததும் அதை மறக்காமல் நீக்க வேண்டும்.

உறை போடும் நுட்பம்

ஈடீபக் இதையெல்லாம் எப்படிச் செய்கிறது? கன்ட்ரோல்-யு கொடுத்து மதிப்பிடும்போது அது ஃபங்ஷனைத் தானே படிக்கிறது. படிக்கும்போது ஒவ்வொரு கோவையும் பஃபரில் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்ணிட்டுக் குறித்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு கோவையையும் ஓர் உறைக்குள் போடுகிறது. அந்த உறையின் வடிவத்தைத் தமிழ்ப் பெயர்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

(பின் (முன் 4) 5 (< 3005 குறி 3021))

4, 5 என்பவை நிற்குமிடங்களின் எண்கள். லிஸ்ப் ஒரு ஃபங்ஷனை அழைப்பதற்கு முன் அதற்குத் தரப்படும் உறுப்புகளை இடமிருந்து வலமாக மதிப்பிடும். எனவே முதலில் (முன் 4) ஓடுகிறது. 'நான்காம் இடத்துக்கு வந்துவிட்டோம், நிற்க வேண்டுமா?' என்று அது பார்க்கிறது. அடுத்து நம் கோவை தன் இயல்பான கணக்கைச் செய்கிறது. எல்லாம் முடிந்த பிறகே 'பின்' அழைக்கப்படுகிறது. அப்போது அதன் கையில் இட எண்ணும் இருக்கிறது, கோவையின் விடையும் இருக்கிறது. நிற்க வேண்டுமா என்று பார்த்துவிட்டு, அந்த விடையை அப்படியே வெளியே தருகிறது. வெளியில் இருக்கும் கோவைக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இந்த அமைப்பின் அழகை நான் மிகவும் மதிக்கிறேன். சிப்பின் உதவி இல்லை, கம்பைலரின் அட்டவணை இல்லை, மொழியில் புதிதாகச் சேர்த்த எதுவும் இல்லை. உறுப்புகளை வரிசையாக மதிப்பிட்ட பிறகே ஃபங்ஷனை அழைப்பது என்ற ஒரே விதியிலிருந்து 'முன்', 'பின்' என்ற இரண்டு நிறுத்தங்களும் பிறந்துவிடுகின்றன. கில் 1951-இல் ஒரு நிரலை இன்னொரு நிரலால் கண்காணித்தார். லிஸ்பில் நிரல் தன்னைக் கண்காணிக்கும் நிரலாகவே திருத்தி எழுதப்படுகிறது. கண்காணிப்பு போதும் என்று தோன்றினால், கன்ட்ரோல்-யு இல்லாமல் ஃபங்ஷனை மறுபடி மதிப்பிட்டால் உறைகள் எல்லாம் கழன்றுவிடும்.

மேக்ரோ போடும் தடை

உறை போடுவதற்கு எது கோவை, எது கோவை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். லிஸ்பில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் இருப்பதால் இது கடினம். மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கும் இடத்தில் (எண் 0) என்று எழுதுவோம். பார்வைக்கு இது 'எண்' என்ற ஃபங்ஷனை அழைப்பது போலவே இருக்கிறது. உண்மையில் இது 'எண்' என்ற மாறிக்கு 0 கொடுப்பது. இதற்கு உறை போட்டால் நிரல் குலைந்துவிடும்.

மொழியின் அடிப்படை வடிவங்கள் சிலவே என்பதால் அவற்றை ஈடீபக் அறிந்து வைத்திருக்கிறது. ஆனால் லிஸ்பில் யார் வேண்டுமானாலும் மேக்ரோ எழுதி, மொழிக்குப் புதிய வடிவங்களைச் சேர்க்கலாம். அந்த மேக்ரோவுக்குள் எந்த உறுப்பு மதிப்பிடப்படும், எது வெறும் பெயர் என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். அதனால் மேக்ரோவோடு அதன் உறுப்புகளின் இலக்கணத்தையும் சேர்த்து அறிவிக்க ஈமாக்ஸில் வழி செய்திருக்கிறார்கள். அறிவிப்பு இல்லாத மேக்ரோவின் உறுப்புகளை ஈடீபக் இயல்பாகத் தொடாமல் விட்டுவிடும். அதற்குள் நாம் வைக்க நினைக்கும் நிறுத்தப்புள்ளிக்கு இடமே இருக்காது. மேக்ரோ எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரி அறிவிப்பை எழுதாமல் விட்டால், பின்னால் பிழை தேடப்போகிறவரின் வழியை அடைத்துவிடுகிறார்கள். ஈமாக்ஸுக்காக நூலகம் எழுதும் ஒவ்வொருவரும் இதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

லிஸ்பின் இன்னொரு வகையான காமன் லிஸ்பில் வழி சற்று வேறு. நிரலில் எந்த இடத்திலும் எழுதிவைக்கக்கூடிய நிறுத்தக் கட்டளை அந்த மொழியின் தரத்திலேயே இருக்கிறது. அந்தத் தரம் 1994-இல் உறுதியானது. பிழை நேர்ந்து நிற்கும்போது, 'வேறு மதிப்பைக் கொடுத்துத் தொடர்', 'இந்த வேலையை மறுபடி செய்' என்பன போன்ற மீட்பு வழிகளைக் காமன் லிஸ்ப் பட்டியலிட்டுக் காட்டும். ஈமாக்ஸோடு இணைந்து ஓடும் ஸ்லைம் போன்ற கருவிகளில் ஃபங்ஷனை அங்கேயே திருத்தி, நின்ற நிரலை மேலே ஓடவைக்கவும் முடிகிறது.

நிறுத்தக் கூடாத இடம்

நிறுத்தப்புள்ளி எல்லாப் பிழைக்கும் மருந்து அல்ல. நிறுத்தும்போது நேரம் மாறுகிறது. இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் ஓடி, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளையும் பிழைகளில், ஒன்றை நிறுத்தினாலே பிழை மறைந்துவிடலாம்.

இதற்குப் புகழ்பெற்ற லிஸ்ப் எடுத்துக்காட்டு விண்வெளியில் நடந்தது. நாசா 1998 அக்டோபரில் ஏவிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில், கலத்தைத் தானே இயக்கும் ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருள் சோதிக்கப்பட்டது. அது லிஸ்பில் எழுதப்பட்டது. 1999 மே மாதச் சோதனையின்போது அது ஓரிடத்தில் முடங்கியது. இரண்டு பணிகளுக்கு இடையே பாதுகாக்கப்பட வேண்டிய ஒரு பகுதி பாதுகாக்கப்படாமல் விடுபட்டிருந்தது. ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் நின்றுவிட்டன. பூமியில் நடந்த சோதனைகளில் தலைகாட்டாத பிழை அது. கலத்தில் லிஸ்ப் அமைப்பு உயிரோடு ஓடிக்கொண்டிருந்ததால் பூமியிலிருந்து அதனோடு பேசி நிலையை அறிய முடிந்தது, காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, சோதனையும் நிறைவேறியது. இத்தகைய பிழைகளுக்கு, நிறுத்திப் பார்ப்பதைவிட நடந்ததைப் பதிவுசெய்துகொண்டு பின்னர் படிப்பதே ஏற்றது.

சி மொழியில் எழுதப்பட்ட ஈமாக்ஸின் அடித்தளத்துக்குள்ளும் ஈடீபக் நுழையாது; அங்கே போக வேறு டீபக்கர் வேண்டும். உறை போட்ட ஃபங்ஷன் கம்பைல் செய்த ஃபங்ஷனைவிட மெதுவாகவே ஓடும் என்பதால், வேகம் குறித்த குறைகளுக்கும் இது உகந்த கருவி இல்லை.

இந்த எல்லைகளுக்குள், ஒரு சிந்தனையின் மிகச் சிறிய துண்டைக்கூடத் தனியாக எடுத்து 'உன் விடை என்ன?' என்று கேட்க லிஸ்ப் இடம் தருகிறது. அந்த வசதி பயன்பட வேண்டுமென்றால் கேட்பவரிடம் ஓர் ஒழுங்கு வேண்டும். மேலே ஐந்தாவது நிறுத்தத்தில் பிழை அகப்பட்டது, அங்கே 'ஆம்' வர வேண்டும் என்று நமக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான். எதிர்பார்ப்பு இல்லாமல் ஸ்பேஸ் விசையை அழுத்திக்கொண்டே போகிறவருக்கு எல்லா மதிப்பும் சரி போலவே தோன்றும். ஆகவே நிறுத்தப்புள்ளி வைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த இடத்தில், இந்தக் கோவை, இந்த மதிப்பைத் தர வேண்டும். பிறகு நிறுத்திப் பாருங்கள். எழுதியதும் வந்ததும் எங்கே பிரிகின்றனவோ அங்கே தேடுங்கள். ஈமாக்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது, அதன் மூல நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் அதன் கட்டளை ஒன்றைத் தேர்ந்து, அதற்குள் ஒரு நிறுத்தப்புள்ளி வைத்து இன்றே தொடங்குங்கள்.